புல்லுக்குள் ஒரு காவல்

பொழுது சாயும் நேரத்தில் நியூ ஜெர்சியின் வீட்டுப் புல்தரைகளில் நடந்தால், காலடியிலிருந்து சின்னஞ்சிறு அந்துப்பூச்சிகள் கிளம்பும். நாலடி தூரம் வளைந்து நெளிந்து பறந்து, மறுபடி புல்லிலேயே இறங்கிவிடும். குனிந்து தேடினாலும் சட்டென்று அகப்படாது. வெளிர்பழுப்பு இறக்கைகளை உடம்போடு சுருட்டிக்கொண்டு, மூக்குபோல் நீண்ட முகத்தோடு, காய்ந்த புல் துணுக்காகவே அமர்ந்திருக்கும். நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான்.

கிராம்பஸ் வகையைச் சேர்ந்த இந்தப் பூச்சி புல்லைத் தின்பதில்லை. தின்பதெல்லாம் அதன் புழு. தாய்ப்பூச்சி பறந்தபடியே, வயலில் விதை தூவுவதுபோல, முட்டைகளை உதிர்த்துவிட்டுப் போகிறது. பொரித்து வளரும் புழு, மண்ணை ஒட்டிப் பட்டு நூலால் ஒரு குழல் பின்னிக்கொள்கிறது. பகலெல்லாம் அதற்குள் முடங்கிக் கிடந்து, இருட்டியதும் வெளியே வந்து புல் இலையை அடியோடு கத்தரித்து உள்ளே இழுத்துப்போய்த் தின்கிறது. குழலைச் சுற்றிப் பச்சை மணிகளாக எச்சம் கிடக்கும்.

வீட்டுக்காரர் கண்ணில் படுவது பழுப்புத் திட்டுகள் மட்டுமே. வெயிலில் கருகிவிட்டது என்று நினைத்து மேலும் தண்ணீர் விடுவார். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி திரவ சோப்பைக் கலந்து அந்தத் திட்டின் ஓரத்தில் ஊற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எரிச்சல் தாங்காமல் சில நிமிடங்களில் புழுக்கள் நெளிந்துகொண்டு மேலே வரும்.

ரைகிராஸ் என்ற புல்லின் சில வகைகளை மட்டும் இந்தப் புழு அவ்வளவாகத் தீண்டுவதில்லை. ஏன்? ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் புல் வளர்ப்பு அறிஞர் ரீட் ஃபங்கும் சகாக்களும் 1983இல் விடையை வெளியிட்டார்கள். தப்பிய புல்லுக்குள் ஒரு பூஞ்சை குடியிருந்தது. இன்று அதை எபிக்ளோ என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். செல்களின் இடுக்கில் வாழும் அது வெளியே தலைகாட்டுவதே இல்லை. புல் சோறு போடுகிறது. பூஞ்சை பெரமைன் போன்ற ஆல்கலாய்டுகளைச் சுரந்து பூச்சிகளை விரட்டுகிறது. தாய்ப்புல்லிலிருந்து விதை வழியே மகளுக்கும் போய்ச் சேர்கிறது. இத்தனை நெருக்கமான ஒரு கூட்டு, தினமும் மிதித்து நடக்கும் புல்லுக்குள் இருப்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் இதே பூஞ்சை சுரக்கும் வேறு சில ஆல்கலாய்டுகள் கால்நடைக்கு நஞ்சு. நியூசிலாந்தில் அப்படிப்பட்ட ரைகிராஸை மேய்ந்த ஆடுகள் நடுங்கித் தள்ளாடி விழுந்தன. அதனால் பூஞ்சை செறிந்த புல்தரை வகைகளை மேய்ச்சல் நிலத்தில் விதைப்பதில்லை.

விதை வாங்குபவர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. வெப்பமான கிடங்கில் நெடுநாள் கிடந்தால் உள்ளிருக்கும் பூஞ்சை செத்துவிடும், விதை சாகாது. அது முளைக்கும், பச்சையாகவே வளரும். புழு அதைத் தாராளமாகத் தின்னும்.