டிரான்சிஸ்டர் சுவிட்ச் இயங்காதபோது

டில்லியில் வாழும் நேயர்களுக்கு விடியற்காலைக் குழாய்நீரின் அருமை தெரியும். அது வரும் வேளையில் மோட்டாரைப் போடத் தவறினால் அன்று முழுதும் திண்டாட்டந்தான். இதற்கென்றே என் மகன் ஆர்டுயினோ என்னும் மைக்ரோகண்ட்ரோலர் பலகையைக் கொண்டு ஒரு தானியங்கி அமைத்தான். அது சில நாள் இயங்கும். சில நாள் வாளாவிருக்கும். நிரலில் பிழை என்றெண்ணி இரவெல்லாம் கண்விழித்து நிரலைத் திருத்தினான். பிழை அங்கே இல்லை.

அப்பலகையின் ஒரு முனையிலிருந்து நாம் அச்சமின்றிப் பெறக்கூடிய மின்னோட்டம் 20 மில்லியாம்பியர் அளவே. மோட்டாரை இயக்கும் ரிலேயின் சுருளோ 5 வோல்ட்டில் ஏறத்தாழ 70 மில்லியாம்பியர் கேட்கிறது. ஆகவே இடையில் பிசி 547 போன்ற ஒரு டிரான்சிஸ்டரை வைக்கிறோம். அதன் பேஸில் சிறு மின்னோட்டம் நுழைந்தால், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய மின்னோட்டம் பாய்கிறது. (பாடநூல்கள் இவற்றை அடிவாய், ஏற்பான், உமிழ்ப்பான் என அழகாகவே வழங்குகின்றன. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அவை உகந்தவை. ஆயினும் கடைக்காரரிடம் செல்லா.)

குறை காண ஒரு மல்டிமீட்டர் போதும். முதற்கண், 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை ரிலேயிலிருந்து அறவே நீக்கிவிட வேண்டும். இதில் சோம்பல் ஆகாது. பின்னர் மீட்டரின் கறுப்பு முனையைப் பலகையின் கிரவுண்டில் வைத்து, ரிலே இயங்கவேண்டிய நிலையில் அளக்கவேண்டும்.

பேஸில் 0.7 வோல்ட் அளவு காண்பது முறை. ஒன்றுமே இல்லையெனில், பலகையிலிருந்து பேஸுக்கு வரும் மின்தடையோ கம்பியோ அறுந்திருக்கலாம். 4 அல்லது 5 வோல்ட் காட்டினால், பெரும்பாலும் எமிட்டர் கிரவுண்டைச் சேரவில்லை. ரிலேக்குத் தனி மின்வழங்கி வைப்போர் இரு கிரவுண்டுகளையும் இணைக்க மறப்பதுண்டு. கால்களின் வரிசையும் ஏமாற்றும்: தட்டையான முகம் நம்மை நோக்க, கால்கள் கீழிருக்கப் பிடித்தால், பிசி 547-இல் இடப்புறம் கலெக்டர், 2என் 3904-இல் அவ்விடத்தில் எமிட்டர்.

அடுத்தது கலெக்டர். அங்கே 0.2 வோல்ட் அளவு இருந்தால் சுவிட்ச் முழுதும் மூடியுள்ளது, அதாவது மின்னோட்டம் தடையின்றிப் பாய்கிறது. எங்கள் வீட்டில் 1.5 வோல்ட் நின்றது! சுருளுக்கு எஞ்சியது 3.5 வோல்ட்; இவ்வகை ரிலே தவறாது பிடிக்க 3.75 வோல்ட் வேண்டும். காரணம், பையன் பேஸில் வைத்திருந்த 10,000 ஓம் மின்தடை. அதன்வழி 0.43 மில்லியாம்பியரே சென்றது. கலெக்டர் மின்னோட்டத்தில் பத்திலொரு பங்கைப் பேஸுக்கு அளிப்பது நல்ல வழக்கம். இங்கே அது 7 மில்லியாம்பியர். 680 ஓம் மின்தடை வைத்ததும் கலெக்டர் 0.2 வோல்ட்டுக்கு இறங்கியது. ரிலே 'டக்'கென்று பிடித்தது.

இன்னொன்று: ரிலே பிடித்தபின் விடவே மறுத்தால், டிரான்சிஸ்டர் எரிந்து குறுக்கிணைப்பாகியிருக்கக்கூடும். சுருளில் மின்னோட்டம் நிற்கும் கணத்தில் எழும் உயர் அழுத்தமே அதனைக் கெடுக்கிறது. அதைத் தடுக்கச் சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1என் 4007 டயோடு ஒன்றை இணைக்கவேண்டும். அதன் கோடு போட்ட முனை 5 வோல்ட் பக்கம் இருக்கவேண்டும். மாற்றி வைத்தால் அடுத்த டிரான்சிஸ்டரும் போய்விடும்.