முன்கோபியுடன் ஒரு வாழ்க்கை

முன்கோபி ஒருவர் இல்லாத வீடு உண்டா? இன்று பெருங்குடியில் அடுக்கு மாடிகள் வானளாவி நிற்கின்றன. ஆயினும், கதவைச் சாத்திய பின் உள்ளே நடப்பது பழைய சம்சாரந்தான். "இவரோடு எப்படிக் காலந்தள்ளுவது?" என்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வரும் தாய்மார்கள் பெருமூச்சு விடுவதை நாம் கேட்டிருக்கிறோம். பகைவரையும் நேசிக்கச் சொன்னார் கிறிஸ்துநாதர். பகைவராவது எதிர் வீட்டில் இருப்பார். ஒரே அடுப்பில் சமைத்ததை நம்முடன் உண்பவரை நேசிப்பது அதனினும் கடினமன்றோ?

இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் மகாராஷ்டிரத்து லக்ஷ்மீபாய் திலக் அம்மையார். அவருடைய கணவர் நாராயண வாமன் திலக். லோகமான்யர் வேறு, இவர் வேறு. இவர் மராத்தி மொழியின் சிறந்த கவிஞருள் ஒருவர், தேசபக்தர். ஆனால் கோபமோ நொடியில் மூண்டுவிடும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் புறப்பட்டு விடுவார். கையிலுள்ள காசைக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் அடுப்பு எரியுமா என்று எண்ணாமல் இருப்பார். 1880-இல் சிறுமியாக அவர் கைப்பிடித்த லக்ஷ்மீபாய்க்கு எழுத்தறிவித்தவரும் அவரேதான்.

ரயில் பிரயாணத்தில் ஒருவர் கொடுத்த புதிய ஏற்பாடு கவிஞரின் மனத்தைக் கவர்ந்தது. 1895-இல் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். ஆசாரம் மிக்க பிராமணக் குடும்பத்துப் பெண்ணுக்கு அச்செய்தி இடியாக வந்தது. தம்பதிகள் சில ஆண்டுகள் பிரிந்திருந்தார்கள். கடைசியில் அம்மையார் கணவரிடம் திரும்பினார். ஆனால் தம் மதத்தை விடவில்லை. சமையலும் தனியாகவே நடந்தது. கணவர் மதம் என்பதற்காக அதை ஏற்க அவர் இசையவில்லை. சாதியைப் படைத்தவர் கடவுளா, மனிதனா என்று தாமே சிந்தித்து, முதலில் அந்தப் பேதத்தைக் கைவிட்டார். ஞானஸ்நானம் பெற்றது 1900-இல்.

இனிக் கவிஞர் சாந்தமூர்த்தியாகி விட்டார் என்று எழுதினால் கதை அழகாக முடியும்; ஆனால் அது உண்மையாகாது. ஞானஸ்நான நீர் அவருடைய கோபத்தைக் கழுவிவிடவில்லை. காசும் கையில் தங்கவில்லை. மாறியது மனைவியின் பார்வை. கணவரைத் திருத்தும் பாரத்தைக் கடவுளிடம் விட்டார். தம் உள்ளத்தைத் திருத்தும் வேலையைத் தாம் எடுத்துக்கொண்டார். அநாதைக் குழந்தைகளையும் தம் பிள்ளைகளாக வளர்த்தார்.

கவிஞர் 1919-இல் காலமானார். அவர் தொடங்கிய 'கிறிஸ்தாயனம்' என்னும் காவியத்தை முடித்தவர் அம்மையாரே. 1934 முதல் வெளிவந்த 'ஸ்மிருதி சித்திரே' என்ற சுயசரிதையில், கணவரின் குற்றங்களை அவர் மறைக்கவில்லை; சிரித்துக்கொண்டே சொல்கிறார். அந்தச் சிரிப்பில் கசப்பில்லை. தம்மையும் சேர்த்தே சிரிக்கிறார்.

அடி உதையையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது நம் கருத்தன்று. அது அன்புமாகாது, தர்மமுமாகாது. குற்றத்தைக் குற்றமென்றே கண்டு, அதைச் செய்த மனிதரைக் குற்றத்தோடு முடித்துவிடாமலிருப்பதே அன்பு. நம் வீட்டு முன்கோபி இன்று மாலையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வரக்கூடும். அவரைத் திருத்துமாறு கடவுளை வேண்டுமுன், அவரைக் கண்டதும் நம் முகம் எப்படிச் சுளிக்கிறது என்று ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்வோமாக.