காயில் கருகிய பிறகு

போன வருஷம் கம்பத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில் அரை நாள் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. சித்தப்பாவின் திராட்சைத் தோட்டத்து சப்மெர்சிபிள் மோட்டார் எரிந்துவிட்டது. குழாய் குழாயாகக் கழற்றி மேலே எடுத்து, டெம்போவில் போட்டுக் கொண்டுபோயிருந்தோம். கடைக்காரர் மோட்டாரைப் பிரித்து, ஸ்டேட்டரைச் சாய்த்து, டார்ச் அடித்துக் காட்டினார்.

“இங்க பாருங்கண்ணே. ரெண்டு ஃபேஸ் காயில் கருகிக் கெடக்கு. மூணாவது நேத்துக் கட்டுன மாதிரி அப்படியே இருக்கு. ஒரு ஃபேஸ் வராம ஓடியிருக்கு.”

நான் எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது போலவே இருந்தது. இரண்டு பங்குக் கம்பியின் மேலுறை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்க, மீதி ஒரு பங்கு பளிச்சென்று கிடந்தது. ஸ்டார் இணைப்பில் ஓடும் மோட்டார் ஒரு ஃபேஸை இழந்தால் இப்படித்தான் எரியும். டெல்டா இணைப்பாக இருந்தால் கதை தலைகீழ்: ஒன்று கருகும், இரண்டு தப்பும். மூன்றுமே ஒரே சீராகக் கருகியிருந்தால் சுமை கூடியிருக்கும், அல்லது வோல்டேஜ் விழுந்திருக்கும், அல்லது பம்ப் இறுகி நின்றிருக்கும். ஓரிடத்தில் மட்டும் பொத்தல் விழுந்த மாதிரி இருந்தால் கம்பிக்குக் கம்பி ஷார்ட். எரிந்த மோட்டார் தன் மரண வாக்குமூலத்தைத் தானே எழுதி வைத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் கடைக்காரர்.

“இந்த வருஷம் பங்குனியில எரிஞ்சப்பவும் இதேதானா?” என்று கேட்டேன்.

அவருக்கு நினைவில்லை. மாதத்துக்கு எத்தனையோ மோட்டார் பார்க்கிறவர். சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. பழைய பில்லைத் தேடி எடுத்தோம். ‘காயில் கட்டியது’ என்று ஒரு வரி, அதற்கு நேரே ஒரு தொகை. அவ்வளவுதான். எதனால் எரிந்தது என்ற செய்தி கருகிய செம்புக் கம்பியோடு சேர்ந்து எடைக்குப் போய்விட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் மோட்டாரைப் பற்றிய அறிவுக்குப் பஞ்சமில்லை. அதை உட்கார வைக்கக் கட்டம் போட்ட ஒரு தாள்தான் இல்லை.

அந்தத் தாளை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. அது எழுபது வருஷத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. எஃப்எம்இஏ என்பார்கள், பழுது எந்த வகையில் வரும், வந்தால் என்ன ஆகும் என்று வரிசையாகக் கேட்கும் படிவம். 1949 நவம்பரில் அமெரிக்க ராணுவம் இதை ஒரு நடைமுறையாக எழுதி வைத்தது. பிறகு நிலவுக்கு ஆள் அனுப்பிய அப்பல்லோ திட்டத்தில் நாசா எடுத்துக்கொண்டது. 1970களில் ஃபோர்டு வழியாகக் கார் தொழிலுக்குள் வந்தது. இன்று கணினியில் தேடினால் பம்புக்கு ஒன்று, கம்ப்ரஸருக்கு ஒன்று, கன்வேயருக்கு ஒன்று என்று தயார்ப் படிவங்கள் கொட்டிக் கிடக்கின்றன. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கென்று ஐஎஸ்ஓ 14224 என்று தனித் தரமே இருக்கிறது. ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் பழுதுகளின் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டது அது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் ஊரில் ஒரே பழுதை ஒருவர் ‘மோட்டார் புகைஞ்சிருச்சு’ என்பார். அடுத்தவர் ‘காயில் போச்சு’ என்பார். மூன்றாமவர் ‘கரண்டு அடிச்சிருச்சு’ என்பார். மூன்றையும் நோட்டில் எழுதினால் மூன்று தனித்தனிப் பழுதாகத் தெரியும். எப்படி நின்றது, உள்ளே என்ன ஆனது, அதற்குக் காரணம் என்ன என்று மூன்று கேள்விகளைத் தனித்தனிக் கட்டத்தில் பிரித்து வைப்பதுதான் நல்ல படிவம். சித்தப்பா மோட்டாருக்கு எழுதினால்: தண்ணீர் வரவில்லை; காயில் கருகியது; ஒரு ஃபேஸ் இல்லை. பில்லில் இருந்தது நடுக்கட்டம் மட்டும்.

ஒரு பம்ப் படிவத்தை இறக்கி அச்செடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பந்தலுக்கு அடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்டேன். முதல் பத்து நிமிஷம் சித்தப்பா பொறுமையாகப் பதில் சொன்னார். “சீல் கசிவா? அது ஆலையில இருக்கிற பம்புக்குப்பா” என்று இரண்டு வரியை அடிக்கச் சொன்னார். அடித்தேன். பிறகு அவரே ஆரம்பித்தார். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு இருமுனையில் ஓட்டுவதைப் பற்றிப் படிவத்தில் ஒரு வரி இல்லையே என்றார். எங்கோ ஓர் அயல்நாட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தைத் தயாரித்தவருக்குக் கண்டன்சர் வித்தை எப்படித் தெரியும்? போர்வெல்லில் மணல் வருவது, கோடையில் தண்ணீர் மட்டம் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றுவது, ஸ்டார்டர் பெட்டிக்குள் பல்லி விழுவது என்று ஒன்பது வரி சேர்ந்தது. இப்படி அடித்தும் சேர்த்தும் பாதி கிறுக்கலானதும்தான் தாள் எங்கள் தோட்டத்துத் தாளானது.

‘விளைவு எவ்வளவு கடுமை, 1 முதல் 10க்குள் மதிப்பெண் தருக’ என்ற கட்டத்தில்தான் பெரிய வாக்குவாதம். சித்தப்பா ஒரு எண்ணைச் சொல்ல மறுத்துவிட்டார். “எப்ப நிக்குதுங்கிறதைப் பொறுத்துல்ல இருக்கு?” 2023ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பில் இருக்கும் பயிர். மோட்டார் எரிவதும் வருஷம் முழுக்க நடப்பது. அறுப்பு முடிந்து கொடி ஓய்வில் இருக்கும்போது நாலு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. காய் திரளும் நேரத்தில் நின்றால், காயவிட்டுத் திடீரென்று தண்ணீர் பாய்ச்சும்போது பழம் வெடிக்கும். வெடித்த பழத்துக்கு வியாபாரி சொல்லும் விலையைக் கேட்டால் நமக்கு நெஞ்சு வெடிக்கும். ஆகவே கடுமைக் கட்டத்தை நான்காகக் கிழித்தோம்: கவாத்து, பூ, காய், அறுப்பு. நான் பார்த்த எந்தத் தயார்ப் படிவத்திலும் இப்படி ஒரு கட்டம் இருந்ததில்லை. காற்றாலைக்காரர்களைக் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். கம்பம் கணவாய்க் காற்று தென்மேற்குப் பருவத்தில்தான் வீசும். அந்த மாதங்களில் நின்ற ஒரு நாளும், காற்றில்லாத மாதத்தில் நின்ற ஒரு நாளும் ஒன்றல்ல.

மதிப்பெண் விஷயத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கடுமை, அடிக்கடி வருமா என்பது, முன்கூட்டிக் கண்டுபிடிக்க எவ்வளவு சிரமம் என்பது என்று மூன்றுக்கும் எண் போட்டுப் பெருக்கி, பெரிய விடை வந்ததை முதலில் கவனி என்பது பழைய முறை. நாங்கள் போட்ட எண்களையே சொல்கிறேன். ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓடுவது: 8, 6, 3, பெருக்கினால் 144. ஸ்டார்டர் பெட்டியின் உடம்பில் கரண்டு கசிவது: 10, 2, 7; பெருக்கினால் 140. கணக்குப்படி காயிலை முதலில் பார்க்க வேண்டும், ஆளைக் கொல்லக்கூடியதை அப்புறம் பார்க்கலாம்! சித்தப்பா தாளை வாங்கி 140ஐ வட்டமிட்டு மேலே அம்புக்குறி போட்டார். கார் தொழிலும் இந்தக் கோளாறை உணர்ந்துதான் 2019ல் மாறியது. அமெரிக்காவின் ஏஐஏஜி, ஜெர்மனியின் விடிஏ என்ற இரண்டு வாகனத் தொழில் அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட கையேடு பெருக்கல் விடையைக் கைவிட்டு, கடுமைக்கு முதலிடம் தரும் வரிசை முறைக்குப் போய்விட்டது. ஆனாலும் கணினியில் கிடைக்கும் இலவசப் படிவங்களில் பழைய பெருக்கல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இறக்குகிறவர் கவனிக்க வேண்டும்.

எங்கள் தாளில் 252 எடுத்து முதலிடம் பிடித்தது யாரும் எதிர்பாராத ஒன்று: மணல் அரித்து இம்பெல்லர் தேய்வது. கடுமை 4தான். ஆனால் அடிக்கடி நடப்பதற்கு 7, கண்ணில் படாமல் இருப்பதற்கு 9. தண்ணீர் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், யாரும் கவனிப்பதில்லை. கண்டுபிடிக்க என்ன வழி என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாதே என்று யோசித்தபோது சித்தப்பா சொன்னது: “தொட்டி ரொம்ப எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பாத்தாப் போதாதா?” வாரம் ஒருநாள், அதே தொட்டி, அதே அடையாளம் வரை. கூடவே ஸ்டார்டரில் இருக்கும் ஆம்பியர் மீட்டரையும் எழுதுவது. ஆம்பியர் ஏறினால் எங்கோ இறுகுகிறது. இறங்கினால் தண்ணீர் குறைகிறது.

படிவத்தில் இருந்த இன்னொரு வரியை, ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை பம்பைப் பிரித்துச் சுத்தம் செய்க’ என்பதை, அவர் சிரித்துக்கொண்டே அடித்தார். நல்லா ஓடுறதை எதுக்குத் தொடணும் என்பது அவர் கட்சி. இது சோம்பேறி வாதம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப்படையின் கோஸ்டல் கமாண்டில் வேலை பார்த்த உயிரியலாளர் வாடிங்டன் கணக்கெடுத்துப் பார்த்தபோது, குறித்த கெடுவில் செய்யும் பராமரிப்புக்குப் பிறகுதான் விமானங்களில் பழுது கூடியது தெரிந்தது. 1978ல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நோலன், ஹீப் இருவரும் எழுதிய அறிக்கை, விமானப் பாகங்களில் 11 சதவீதம்தான் வயதாக ஆகத் தேய்ந்து கெடுகின்றன என்றது. மீதிக்கு ‘இத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்று’ என்ற கட்டளையால் பயனில்லை. போர்வெல்லிலிருந்து மோட்டாரை எடுக்கும்போது கேபிள் ஜாயின்ட் போகும், குழாய் நழுவும், சில சமயம் மோட்டாரே உள்ளே விழுந்துவிடும். மேலே நின்றபடியே மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்க்கலாம் என்னும்போது எடுப்பானேன்?

தேனி, ஆண்டிபட்டிப் பக்க நூற்பாலைகளில் இப்படிப் படிவம் எழுதும் வழக்கம் புதிதல்ல. கோவையில் 1956ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா ஆலைகளுக்கான அளவுகோல்களை அச்சிட்டுக் கொடுத்துவருகிறது. ரிங் ஃபிரேமில் நூல் அறுவதைக் கணக்கெடுக்கும் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபிரேமில் இத்தனை தடவை அறுந்தது என்று மொத்தமாக எழுதினால், பஞ்சு சரியில்லை என்று பழி பஞ்சின் மேல் போகும். ஸ்பிண்டில் எண் என்று ஒரே ஒரு கட்டம் கூடுதலாக இருந்தால், அதே நாலைந்து ஸ்பிண்டில்களே திரும்பத் திரும்ப அறுப்பது வெளியே வரும். அந்தப் பக்கம் நடக்கும் சைடர் பெண்ணுக்கு அது முன்னமே தெரியும். அவரைக் கேட்க ஒரு கட்டம் வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பள்ளத்தாக்கில் இருப்பதிலேயே பெரிய படிவம் மலைக்கு அந்தப் பக்கம் நிரப்பப்படுகிறது. 1895ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையை நம்பித்தான் இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல். 2014 மே 7 அன்று 142 அடி வரை தேக்கலாம் என்ற உச்ச நீதிமன்றம் ஒரு மேற்பார்வைக் குழுவையும் அமைத்தது. அந்தக் குழு போனபோதெல்லாம் பிரதான அணை, பேபி அணை, கேலரி, ஷட்டர்கள், கசிவு நீர் என்று பார்த்தது. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டமோ எல்லாப் பெரிய அணைகளுக்கும் பருவமழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என ஆய்வைக் கட்டாயமாக்கிவிட்டது. அரசியல் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டுப் படிவமாக மட்டும் பார்த்தால், அதில் முக்கியமானது கசிவு நீர்க் கட்டமும் அதற்குப் பக்கத்தில் நீர்மட்டக் கட்டமும். கசிவு இவ்வளவு என்று மட்டும் சொன்னால் பயப்படலாம், அல்லது அலட்சியமாக இருக்கலாம். மட்டம் எவ்வளவு இருந்தபோது அந்தக் கசிவு, போன வருஷம் அதே மட்டத்தில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் பேச்சே தொடங்கும்.

கடைக்காரரிடம் எங்கள் தாளைக் காட்டினேன். கடைசியில் அவருக்கென்று ஒரு பெட்டி விட்டிருந்தோம்: எத்தனை ஃபேஸ் கருகியது, எங்கே, பேரிங் எப்படி, மணல் உண்டா. படித்துப் பார்த்துவிட்டு, “இதை எழுதுறதுக்கு நேரம் ஏதுண்ணே” என்றார். டிக் மட்டும் போட்டால் போதும் என்று நாலு வட்டப் படம் வரைந்து, கருகிய இடத்தைக் குறிக்கிற மாதிரி மாற்றினோம். அதற்கு ஒப்புக்கொண்டார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அதை அச்சடித்தால் என்ன என்று அவரே கேட்டார்.

ஸ்டார்டருக்கு ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் பிரிவென்டர் மாட்டியாயிற்று. கண்டன்சர் கழன்றது. இந்த ஆவணியில் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மோட்டார் ரூம் சுவரில், தினசரி காலண்டருக்குப் பக்கத்தில், கரிக்கட்டையால் ஒரு வரிசை: 41, 41, 42, 41, 44, 47. சித்தப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஆம்பியர் எறங்கியிருக்குப்பா. தண்ணி கொறஞ்சிருச்சா, இல்ல இம்பெல்லர் தேஞ்சிருச்சான்னு சொல்லு. காய் திரள இன்னும் இருபது நாள் இருக்கு.”