நிறுத்தாதீர்கள், மாற்றக் கேளுங்கள்

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவரும் பசுவந்தனைக் கரிசலில் வெயிலில் நின்று களையெடுக்க வேண்டியிருக்கிறது. அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், தூக்கத்தைக் கூட்டும். எஸ்சிட்டலோபிராம் சிலருக்குக் குமட்டலையும் தாம்பத்திய நாட்டக் குறைவையும் தரும். சொல்லக் கூசி மருந்தைத் தாமாக நிறுத்துவோருக்குத் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம், நோயும் திரும்பலாம்.

குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணியும். நீடிக்கும் தொல்லைக்கு மாற்று மருந்து உண்டு. மிர்டசபின், புப்ரோப்பியான் ஆகியவற்றில் பாலுறவுச் சிக்கல் குறைவு. ஆனால், முன்னது எடையைக் கூட்டலாம். பின்னது வலிப்பு நோயாளிகளுக்கு ஆகாது. பொதுவாகப் பழையதைப் படிப்படியாகக் குறைத்தே புதியதைத் தொடங்குவார்கள். ஃபுளுவாக்சடின் உடலில் வாரக்கணக்கில் தங்குவதால் இடைவெளியும் தேவைப்படலாம்.

எனவே, இது மருத்துவர் செய்ய வேண்டிய கணக்கு. அவரிடம் கூச்சமின்றிச் சொல்வது மட்டுமே நம் வேலை. ‘டெலி மானஸ்’ 14416 எண்ணிலும் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை பெறலாம்.