காஷ்மீர் போற தூத்துக்குடி லாரிக்கு எந்த ஆயில்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த வாரம் தூத்துக்குடியில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி: "அப்பா லாரி ஓட்டுறாங்க. டிசம்பர்ல ஸ்ரீநகருக்கு ஒரு லோடு வந்திருக்கு. அவங்க அவ்வளவு குளிருக்கு இதுவரை போனதே இல்ல. ஆயில் கடையில, குளிருக்குன்னே விலை கூடின ஆயில் ஊத்தணும்ங்கிறாங்க. ஊத்தணுமா?"

பாளையங்கோட்டை ரோட்டைப் பிடிச்சு, திருநெல்வேலி பக்கம் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில ஏறினா, அதே ரோடுதான் ஸ்ரீநகர் வரைக்கும் போகுது. ரோடு ஒண்ணுதான், ஆனா ரெண்டு முனையிலயும் வானிலை வேற வேற.

முதல்ல வீட்டு உதாரணம். மார்கழிக் காலையில தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் வராது, பக்கத்துல இருக்கிற நல்லெண்ணெய் சும்மா ஓடும். தேங்காய் எண்ணெய் உறையுறது கிட்டத்தட்ட 24 டிகிரியில. ஒவ்வொரு எண்ணெய்க்கும் அப்படி ஒரு எல்லை உண்டு. இன்ஜின் ஆயில் அதுக்குக் கீழ போனா தேன் மாதிரி ஆயிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் திணறும். அதை மீறி இன்ஜின் ஓடினாலும், ஆயில் பம்ப் அந்தத் தேனை உறிஞ்சி மேல அனுப்புற வரைக்கும் பேரிங்கும் டர்போவும் காய்ஞ்சே சுத்தும். தேய்மானம் அங்கதான் ஆரம்பிக்குது.

டப்பாவுல 15டபிள்யூ-40னு போட்டிருக்கும். அந்த டபிள்யூவை பலபேர் வெயிட்னு நினைக்கிறாங்க. அது விண்டர். 15டபிள்யூ ஆயில் மைனஸ் 20 டிகிரியில இன்ஜினைச் சுத்த விடணும், மைனஸ் 25-ல பம்ப்புக்கு ஓடி வரணும்னு எஸ்.ஏ.இ. தரம் கேக்குது. 5டபிள்யூவுக்கு அது மைனஸ் 30, மைனஸ் 35. பின்னாடி இருக்கிற 40, ஆயில் 100 டிகிரி சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்ங்கிற கணக்கு. நம்ம ஊர் மே மாசத்துக்கு அந்த நம்பர்தான் முக்கியம்.

இப்போ தம்பியோட கேள்விக்கு வருவோம். ஸ்ரீநகர்ல கடுங்குளிர் ராத்திரின்னாலும் பெரும்பாலும் மைனஸ் 5, 6 அளவுலதான் நிக்கும். 15டபிள்யூ-40 அதைத் தாராளமா தாங்கும். அதனால விலை கூடின ஆயில் வேண்டாம் தம்பி, அந்தக் காசை அப்பாவுக்கு நல்ல ஸ்வெட்டரா வாங்கிக் குடு. அதே லாரி சோஜி லா தாண்டி திராஸ், லேன்னு போறதா இருந்தா என் பதில் வேற. அங்க மைனஸ் 20-க்குக் கீழ போகும், அதனால மேனுவல் அனுமதிக்கிற 5டபிள்யூ ஆயில் வேணும். பிஎஸ்-6 வண்டின்னா சாம்பல் குறைஞ்ச ரகமாவும் இருக்கணும், இல்லன்னா புகை வடிகட்டி அடைச்சுக்கும்.

ஆயிலுக்கு முன்னாடி கைவிடுறது டீசல். டீசல்ல மெழுகு இருக்கு. குளிர்ல அது பொடிப்பொடியா உறைஞ்சு ஃபில்டரை அடைக்கும், வண்டி ஏத்தத்துல நின்னுடும். இந்தியத் தரப்படி டீசல் உறையும் எல்லை கோடைகால ரகத்துக்கு 15 டிகிரி, குளிர்கால ரகத்துக்கு 3 டிகிரி. குளிர்கால ரகம் நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும், அதுவும் மத்திய, வட இந்தியாவுக்குத்தான். நம்ம பக்கம் வருஷம் முழுக்க கோடைதான்! அதனால தெக்க போட்ட டீசலை டேங்க்ல மிச்சம் வைக்காம ஓட்டிக் குறைச்சுட்டு, பனிஹால் ஏறுறதுக்கு முன்னாடியும் பள்ளத்தாக்குலயும் உள்ளூர் பங்க்ல நிரப்பணும். லடாக்குக்குன்னே மைனஸ் 33 வரைக்கும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பர்ல கொண்டு வந்துச்சு.

டீசல் உறைஞ்சா சிலர் டேங்குக்கு அடியில தீ மூட்டுவாங்க. அப்பாகிட்ட சொல்லு, யாரு சொன்னாலும் அதைச் செய்யக் கூடாது. ஃபில்டரை மாத்தலாம், ஃபில்டர் மேல சுடுதண்ணி ஊத்தலாம். மண்ணெண்ணெய் கலக்குறதும் வேண்டாம், பிஎஸ்-6 இன்ஜினுக்கு ஆகாது.

அடுத்தது ரேடியேட்டர். நான் ரொம்ப பயப்படுறது இதுக்குத்தான். நம்ம வெயில்ல வண்டி சூடானா டீக்கடைக் குடத்துல இருந்து தண்ணி வாங்கி ஊத்துறோம். ஒவ்வொரு தடவையும் கூலன்ட் நீர்த்துப் போகுது. இங்க அதனால பெருசா ஒண்ணும் தெரியாது. அங்க தண்ணி உறையும்போது 9 சதவீதம் பருக்கும், இன்ஜின் பிளாக்கே விரிஞ்சிடும். அந்த ரிப்பேர்ல ஒரு வருஷ லாபம் போயிடும். பாதி கூலன்ட், பாதி சுத்தத் தண்ணின்னு கலந்தா மைனஸ் 35 வரைக்கும் கவலை இல்ல. கிளம்புறதுக்கு முன்னாடி பழசை இறக்கிட்டு புதுசா ஊத்துங்க.

பிரேக் காற்று டேங்கையும் மறக்காதீங்க. கடற்கரைக் காத்துல ஈரம் அதிகம். கம்ப்ரஸர் அதை உறிஞ்சி டேங்க்ல தண்ணியா சேர்த்து வைக்கும். அந்தத் தண்ணி வால்வுல உறைஞ்சா பிரேக் பிடிக்காது, இல்லன்னா விடாது. அதனால தினமும் டிரெயின் பண்ணணும், ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜை மாத்திட்டு கிளம்பணும். நனைஞ்ச வண்டியை ராத்திரி நிறுத்தினா சக்கரத்துக்குக் கட்டையும் குடுங்க. பேட்டரி பழசுன்னா ஊர்லயே மாத்திடலாம், குளிர்ல அதோட பலம் பாதியா குறையும்.

யூரியாக் கரைசல் மைனஸ் 11-ல உறையும். (ஸ்பிக் இருக்கிற ஊர்க்காரங்களுக்கு யூரியா புதுசா என்ன!) அது உறைஞ்சா பதறாதீங்க, டேங்க்ல ஹீட்டர் இருக்கு, வண்டி ஓட ஓட உருகும். சுடுதண்ணி மட்டும் கலக்காதீங்க.

இன்னொண்ணு வண்டியைப் பத்தினது இல்ல. பனிச்சரிவுல ரோட்டை மூடினா நாள்கணக்குல வரிசையில நிக்க வேண்டி வரும். கேபின் கண்ணாடியை ஏத்திட்டு உள்ள அடுப்போ கரியோ வச்சுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும். இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினாலும், புகைக்குழாயைப் பனி மூடினா அதே ஆபத்துதான். கம்பளியும் பிளாஸ்க்கும் கூடுதலா எடுத்துட்டுப் போகட்டும்.

ஒரு விஷயம் மட்டும் தூத்துக்குடி லாரிக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கனடாவுல பனி உருக ரோடு முழுக்க உப்பு தூவுவாங்க, அதனால அங்க ஓடுற லாரிகளோட அடிப்பகுதி அரிச்சுப் போகும். உப்பளத்துல லோடு ஏத்துறவங்க இதை எப்பவோ பார்த்துட்டாங்க. சேஸிஸை அடியில இருந்து தண்ணி பீய்ச்சிக் கழுவுறது, ஒயர் முனையில கிரீஸ் தடவுறதுன்னு வைத்தியமும் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான்.

தம்பி, அப்பா திரும்பி வந்ததும் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லு. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.