பழைய புதுச்சேரி சுவரில் ஒரு கெமிஸ்ட்ரி பாடம்: சுண்ணாம்பு ஏன் இவ்வளவு மெதுவாக இறுகுகிறது?

2014 நவம்பர் மழையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. மீண்டும் கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கோ மழை வந்தாலே கவலைதான். பெயர்ந்த பூச்சை எதைக் கொண்டு சரிசெய்வது? 'சிமென்ட் அடிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும்' என்பது வழக்கமான யோசனை. இதற்கான பதில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியலில் இருக்கிறது.

கல்லிலிருந்து கல்லுக்கு

காளவாயில் கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால், கார்பன் டை ஆக்சைடு வெளியேறி சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இது மீள்வினை. மூடிய கலனில் முன்வினையும் பின்வினையும் ஒரே வேகத்துக்கு வந்துவிடும். அதுதான் வேதிச்சமநிலை. காளவாய் திறந்திருப்பதால் வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும், வினையும் முன்னோக்கியே போகும். 1884-ல் லீ சாட்டலியர் சொன்ன தத்துவம் இதுதான். அந்த பிரெஞ்சு வேதியியலாளர் சிமென்ட், சாந்து பற்றியும் ஆராய்ந்தவர்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் பூசிய பிறகு, அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது.

அப்புறம் ஏன் தாமதம்?

சாதாரண வெப்பநிலையில் சமநிலை கல் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆனால் வேகம் வேறு கதை. காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 சதவீதம்தான். அது நுண்துளைகள் வழியே உள்ளே போய், ஈரத்தில் கரைந்த பிறகே வினை நடக்கும். பூச்சு காய்ந்துபோனால் கரைய நீர் இருக்காது. முழுக்க நனைந்தாலோ துளைகள் அடைபடும். மேல்பரப்பு முதலில் இறுகுவதால், உள்ளே போகும் பாதையும் நீளும். அதனால்தான் மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரம் காக்கிறார்கள். தடித்த பூச்சு முழுதாக இறுக மாதங்கள், சில நேரம் வருடங்கள்கூட ஆகலாம்.

உள்ளே இறுகிவிட்டதா என்று பார்க்க, உடைத்த பகுதியில் பினாப்தலின் தெளிப்பார்கள். இளஞ்சிவப்பானால் இன்னும் வேலை பாக்கி.

சிமென்டில் என்ன சிக்கல்?

சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து சீக்கிரம் இறுகும். ஆனால் அடர்த்தி அதிகம். பழைய செங்கல் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். கடற்கரை உப்பு அங்கே படிகமாகி, செங்கல்லைப் பொடியாக்கும்.

மாணவர்கள் கவனிக்க

சமநிலை மாறிலி பெரிதாக இருந்தால் வினை வேகமாக நடக்கும் என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு. வினை எங்கே போய் நிற்கும் என்பதைச் சமநிலை சொல்லும். எப்போது போய்ச் சேரும் என்பதை வினைவேகம் சொல்லும். வினையூக்கி சேர்த்தாலும் சீக்கிரம் போய்ச் சேருமே தவிர, சேரும் இடம் மாறாது. பழைய வீட்டைப் பழுதுபார்ப்பவரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால், சுவர் பிழைக்கும்.