தேயிலைத் தோட்டத்தில் ரேடியோ பழுது பார்த்தவர்

1970-களில் நம் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் பலர், பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு எலக்ட்ரானிக் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். உருப்பெருக்கிக் கருவியில் கண்ணைப் பதித்து, தலைமுடியிலும் மெல்லிய கம்பியைச் சில்லில் பொருத்தினார்கள். அந்தச் சில்லை முதன்முதலில் செய்து காட்டியவர் ஜாக் கில்பி. போர்வீரர், பொறியியலாளர், இரண்டு பெண்களுக்கு அன்பான தந்தை.

அவருடைய அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் சிறியதொரு மின்சார நிறுவனத்தை நடத்தி வந்தவர் அவர். ஜாக் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது கடும் பனிப்புயல் வீசி, மின்கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் அறுந்து விழுந்தன. வீட்டில் ஒலிபரப்புக் கருவி வைத்திருந்த வானொலி ஆர்வலர்களின் துணையோடு, எங்கெங்கோ இருளில் கிடந்த வாடிக்கையாளர்களை அப்பா தொடர்பு கொண்டார். கம்பியில்லாமல் மனிதக்குரல் போய்ச் சேர்வதைக் கண்ட மகனுக்கு அன்றே அந்தத் துறையில் பித்துப் பிடித்துவிட்டது.

ஆனால், புகழ்பெற்ற எம்.ஐ.டி. கல்லூரியின் நுழைவுத் தேர்வில் 500 புள்ளிகள் தேவைப்பட, அவர் பெற்றது 497. மூன்றே புள்ளிகள்! ஆசிரியர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நெஞ்சில் தைக்கும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சில மாதங்களில் போர் மூண்டது.

இராணுவம் அவரை எங்கே அனுப்பியது தெரியுமா? வடகிழக்கு இந்தியாவின் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு! அங்கிருந்த ரேடியோ பழுது பார்க்கும் கூடத்தில் வேலை. பர்மாக் காடுகளில் போரிட்டவர்களுக்குச் சுமக்க இலேசான கருவிகள் வேண்டும். கல்கத்தாவுக்குப் போய் உதிரிப் பாகங்கள் வாங்கிவந்து, அவர்களே செய்து கொடுத்தார்கள். சிறிய கருவியின் அருமை அவருக்குப் புரிந்த இடம் அது என்பது என் எண்ணம்.

படிப்பை முடித்து, 1958-இல் டல்லாஸ் நகரின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு கருவிக்குள் ஆயிரக்கணக்கான பாகங்களைக் கையால் ஈயம் வைத்து இணைத்த காலம் அது. ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் கருவி பழுது. ஜூலையில் மற்றவர்கள் விடுமுறையில் போனார்கள். புதியவரான கில்பிக்கு லீவு கிடையாது. ஆளில்லாத ஆய்வுக்கூடத்தில்தான், எல்லாப் பாகங்களையும் ஒரே பொருளில் செய்தால் என்ன என்று தோன்றியது. செப்டம்பர் 12-ஆம் நாள் விரல்நகம் போன்ற ஜெர்மேனியத் துண்டில் செய்து காட்டினார்.

மறு ஆண்டு ராபர்ட் நாய்ஸ் என்பவர், தனியே, சிலிக்கனில் இன்னும் சிறந்த வழியைக் கண்டார். நாய்ஸ் பின்னர் தொடங்கிய இன்டெல், 1972-இல் பினாங்குக்கு வந்தது. கில்பியின் நிறுவனம் அதே ஆண்டில் கோலாலம்பூருக்கு வந்தது. நம் பிள்ளைகள் பஸ் ஏறியது இவ்விருவரின் வேலைக்குத்தான்.

2000-இல் கில்பிக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நாய்ஸ் 1990-லேயே காலமாகிவிட்டார். ஸ்டாக்ஹோம் மேடையில் அவர் பெயரைச் சொல்லி, உயிரோடிருந்தால் இப்பரிசை இருவருமே பகிர்ந்திருப்போம் என்றார் கில்பி. 2005 ஜூன் 20-இல், 81 வயதில், டல்லாஸில் அவர் கண்மூடினார்.